இலுப்பை விளக்கும் புளியங்கரியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாய்க்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். கரையில் ஆறு புளியமரங்கள், இரண்டு பெரிய இலுப்பைகள், பிள்ளையார் மேடையில் அரசும் வேம்பும். மூன்றாவது இலுப்பை கஜா புயலில் விழுந்தது. ஊர் நூலகத்தோடு சேர்ந்து இயங்கும் பத்துப் பேர் இந்த மரங்களை வைத்து ஓவியமும் கதையுமாக ஒரு விழா நடத்த நினைக்கிறோம். பள்ளிச் சுற்றுச்சுவரில் 40 அடி நீளம் தந்திருக்கிறார்கள். மரத்தண்டுகளிலும் வண்ணம் தீட்டலாம் என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டு சிக்கல்கள். பிள்ளைகளை மரம் வரையச் சொன்னால் எல்லோரும் இரண்டு மலை, நடுவில் சூரியன், பக்கத்தில் ஒரு தென்னை என்றே வரைகிறார்கள். பெரியவர்களிடம் கதை கேட்டால் ‘மரத்துக்கு என்னப்பா கதை’ என்று எழுந்து போய்விடுகிறார்கள். கையில் பதினைந்தாயிரம் ரூபாய் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

க.

அன்புள்ள க.,

முதலில் தண்டு. அதில் வண்ணம் தீட்ட வேண்டாம். சாலையோர மரங்களுக்குச் சுண்ணாம்பும் காவியும் பட்டையாக அடிப்பதைப் பார்த்து இந்த யோசனை வந்திருக்கலாம். அது இரவில் வண்டி ஓட்டுபவர் கண்ணுக்கு மரம் தெரிவதற்காக அடிப்பது, இரண்டு மழையில் கரைந்துவிடும். எனாமல் பெயிண்ட் அப்படிக் கரையாது. பட்டையில் இருக்கும் நுண்துளைகள் வழியாகத்தான் தண்டு மூச்சு விடுகிறது, பெயிண்ட் அவற்றை அடைத்துவிடும். பதாகை மாட்ட ஆணி அடிப்பதும், தண்டை இறுக்கி நைலான் கயிறு கட்டுவதும் அதே வகைக் கேடுதான். மரம் பருக்கப் பருக்கக் கயிறு பட்டைக்குள் புதைந்துபோகும். எதையாவது கட்டியே ஆக வேண்டுமென்றால் பருத்தித் துணியைத் தளர்வாகக் கட்டி, விழா முடிந்த மறுநாள் அவிழ்த்துவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் உற்றுப் பார்த்துப் படிக்க வேண்டியதே அந்தப் பட்டையைத்தான். அதைப் பெயிண்டால் மூடிவிட்டு மரத்தைப் பற்றி என்ன சொல்லிக்கொடுப்பது?

தொடக்கம் கதைதான், ஓவியம் பிறகு. சுவர் கிடைத்த மகிழ்ச்சியில் பலரும் நேரே தூரிகையை எடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் எந்த ஊர்ச் சுவரைப் பார்த்தாலும் ஒரே பச்சைக் குடை மரமும் ‘மரம் வளர்ப்போம்’ என்ற எழுத்தும் நிற்கின்றன. உங்கள் சுவரில் நிற்க வேண்டியது உங்கள் கண்மாய்க்கரைப் புளி. மற்ற ஊர்க்காரர் பார்த்தால் ‘இது எந்த மரம்?’ என்று கேட்க வேண்டும், உங்கள் ஊர்க்காரர் பார்த்தால் கேட்கத் தேவையே இருக்கக் கூடாது.

‘கதை சொல்லுங்கள்’ என்று கேட்டால் பெரியவர்கள் எழுந்துதான் போவார்கள். கதை என்றால் ராசா, ராணி, பேய், சாமி என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். நற்றிணையின் 172ஆம் பாட்டில் ஒரு புன்னை வருகிறது. ஒரு பெண்ணும் அவள் தோழிகளும் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த விதை முளைத்துவிட, பால் ஊற்றி வளர்க்கிறார்கள். ‘உங்களைவிடச் சிறந்தவள், இவள் உங்கள் சகோதரி’ என்கிறாள் தாய். அந்த மரத்தின் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச அந்தப் பெண்ணுக்கு வெட்கமாக இருக்கிறது. பேயும் இல்லை, சாமியும் இல்லை. நட்டவர் யார், தண்ணீர் ஊற்றியவர் யார் என்பதுதான் கதை.

ஆகவே கதையைக் கேட்காதீர்கள், வேலையைக் கேளுங்கள். இந்தப் புளியை யார் ஏலம் எடுத்தது? உலுக்க ஏறியது யார், விழுந்தது யார்? விழுந்த பழத்தைப் பொறுக்கப் போய் அடி வாங்கியவர் யார்? புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்துத் தாயம் ஆடினீர்களா? எந்தக் கொப்பில் ஊஞ்சல் கட்டினீர்கள், அந்தக் கொப்பு எந்தப் புயலில் முறிந்தது? பசு ஈன்றபின் இளங்கொடியை, அதாவது நஞ்சுக்கொடியை, வைக்கோலில் சுற்றி எந்த ஆலமரத்தில் கட்டினீர்கள்? இலுப்பைப் பூ பொறுக்க எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? பூ விடியற்காலையில் உதிரும், ஆடுமாடு வாய் வைக்கும் முன் பொறுக்கியாக வேண்டும். ‘ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை’ என்ற பழமொழியை எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பூவை வறுத்துத் தின்ற வாய் உங்கள் ஊரில் இன்னும் இருக்கிறதா என்று தேடுங்கள். இலுப்பைக் கொட்டையை எந்தச் செக்கில் ஆட்டினார்கள், எண்ணெய் எந்தக் கோயில் விளக்குக்குப் போயிற்று, புண்ணாக்கை அரப்பாகத் தேய்த்துக் குளித்தார்களா, மீன் பிடிக்கக் கண்மாயில் கலக்கினார்களா என்றும் கேளுங்கள். இப்படிக் கேட்டால் கால் மணி நேரத்தில் நிறுத்த முடியாத அளவுக்குப் பேச்சு வரும்.

ஆண்டு கேட்டால் தெரியாது என்பார்கள். ‘1964 புயலுக்கு முந்தியா, 1977 புயலுக்குப் பிந்தியா, உங்களுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா’ என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். மரத்தின் வயதை மட்டும் சுவரில் எழுதாதீர்கள். ‘500 ஆண்டுப் பழமையான மரம்’ என்று போட்ட பலகைகளில் பெரும்பாலானவை ஊகம்தான். சுற்றளவை வைத்து வயது சொல்ல முடியாது. நல்ல மண்ணில் நிற்கும் இளைய மரம் மேட்டில் நிற்கும் கிழ மரத்தைவிடப் பருத்திருக்கும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் நாடா பிடித்துச் சுற்றளவை அளந்து, தேதியோடு அதை எழுதுங்கள். அது பொய்யாகாது, பத்து ஆண்டு கழித்து அடுத்தவர் அளந்து ஒப்பிடவும் உதவும்.

கேட்கப் போகிறவர்கள் மூவராக இருக்கட்டும்: பேச ஒரு பெரியவர், இரண்டு பிள்ளைகள். மாலை நாலரைக்குப் போய், முடிந்தால் கதை சொல்பவரை அந்த மரத்தடிக்கே அழைத்து வந்து உட்காரவையுங்கள். கை தானாக மேலே நீளும், ‘அந்தக் கொப்புதான்’ என்று காட்டும். திண்ணையில் உட்கார்ந்து பேசினால் இது நடக்காது. கைபேசியில் பதிவு செய்வதானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அரை மணிக்கு மேல் வேண்டாம், மறுநாளும் போகலாம். ஊராட்சி அலுவலகத்தில் புளி மகசூல் ஏலப் பதிவேடு இருந்தால் பார்க்க அனுமதி கேளுங்கள். எந்த ஆண்டு எத்தனை மரம், என்ன தொகை என்று கிடைக்கும். அந்த எண்ணைச் சொன்னால் பெரியவர்களுக்கு அந்த ஆண்டே திரும்ப வந்துவிடும்.

பிள்ளையார் மேடையில் உட்கார்ந்தவர்களை மட்டும் கேட்டால் கிடைப்பது பாதி மரம்தான். அந்த மேடையில் உட்கார உரிமை இல்லாதவர்களும் ஊரில் இருந்திருப்பார்கள், அவர்கள் நினைவில் அதே அரசமரம் வேறு மரம். பஞ்சாயத்தில் கட்டிவைத்து அடித்த மரமாகவும் இருக்கலாம். எல்லாத் தெருவுக்கும் போங்கள், பெண்களைத் தனியாகக் கேளுங்கள். தொட்டில் கட்டி வேண்டிக்கொண்டவர்களும், களையெடுப்புக்கு நடுவே இலுப்பை நிழலில் பிள்ளையைக் கிடத்தியவர்களும் அவர்கள்தான். கசப்பான கதை வந்தால் அதை விழாவில் சொல்லலாமா என்பதைச் சொன்னவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். புளியமரத்தில் தூக்கிட்டுக்கொண்டவர் பற்றிய பேச்சும் நிச்சயம் வரும். அந்தக் குடும்பம் ஊரில் இருக்கும். பெயரையும் சொல்லாதீர்கள், பேய்க்கதையாகவும் மாற்றாதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இனி தென்னையும் இரண்டு மலையும். பிள்ளைகள் சோம்பலால் அப்படி வரைவதில்லை. மரம் என்ற சொல்லுக்கு அவர்கள் கை பழகிவைத்திருக்கும் அடையாளம் அது. அதை மாற்ற முழு மரத்தை அவர்களிடமிருந்து மறைக்க வேண்டும். ஓர் அஞ்சலட்டை அளவு அட்டையில் இரண்டு அங்குலச் சதுரமாக ஓட்டை வெட்டிக் கொடுங்கள். அந்த ஓட்டைக்குள் தெரிவதை மட்டும் வரையட்டும். முதல் நாள் பட்டை மட்டும். புளியின் பட்டை காய்ந்த கண்மாய்த் தரைபோலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும், அரசு வழவழவென்று சாம்பல் நிறமாக இருக்கும். இரண்டாம் நாள், இலை கொம்போடு சேரும் இடம் மட்டும். இலுப்பை இலைகள் கொப்பு நுனியில் கொத்தாகச் சேர்ந்திருக்கும், பங்குனியில் தளிர் செம்பு நிறத்தில் வரும். புளியின் சிற்றிலைகள் இணையிணையாக இருக்கும், மாலையில் மூடிக்கொள்ளும். வேப்பிலையின் அடிப்பாகம் இரண்டு பக்கமும் ஒத்திருக்காது. மூன்றாம் நாள் தான் முழு மரம். அன்று தென்னை வராது.

பட்டையின் மேல் தாளை வைத்து மெழுகுக் கிரேயானால் தேய்த்துப் பதிவெடுக்கலாம். புளியின் பட்டை கூர்மையானது, தாள் கிழியும். பழைய மல் வேட்டித் துண்டை இருவர் இறுக்கிப் பிடிக்க, மூன்றாமவர் தேய்த்தால் நன்றாக விழும். அரசில் ஒன்றும் விழாது. அதன் இலையை நரம்புப் பக்கம் மேலாக வைத்துத் தேய்த்தால் வாலோடு பதியும்.

கரிக்கோலைக் கடையில் வாங்க வேண்டாம். புளியமரத்தைப் புளியங்கரியாலேயே வரையலாம். ஒரு காலத்தில் வெடிமருந்துக்கே விரும்பி எடுத்த கரி அது. கீழே விழுந்து நன்றாகக் காய்ந்த சுள்ளிகளை மட்டும் எடுங்கள், ஒடிக்காதீர்கள். பென்சில் பருமன் முதல் சுண்டுவிரல் பருமன்வரை, ஐந்து அங்குல நீளம். பட்டையைச் சீவிவிட்டு, மூடியுள்ள தகர டப்பாவில் செங்குத்தாக நெருக்கி அடுக்குங்கள். பால்மாவு டப்பா போதும், பெயிண்ட் டப்பா கூடாது. மூடியில் ஆணியால் ஒரே ஓர் ஓட்டை. டப்பாவை விறகு நெருப்புக்குள் வையுங்கள். ஓட்டை வழியாக முதலில் வெள்ளைப் புகை கனமாக வரும். சுமார் ஒரு மணி நேரத்தில் புகை மெலிந்து நிற்கும். அப்போது டப்பாவை வெளியே இழுத்து, ஓட்டையை ஈரமண்ணால் அடைத்து, இரவு முழுக்க ஆறவிடுங்கள். அவசரப்பட்டுச் சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டுக் கரி தணலாகிச் சாம்பலாகப் போய்விடும். எல்லோரும் செய்யும் தவறு இதுதான். உடைத்துப் பார்த்தால் உள்ளே பழுப்பாக இருந்தால் வேகவில்லை, தாளைக் கீறும், திரும்ப நெருப்பில் வைக்கலாம். தொட்டாலே பொடிந்தால் சுள்ளி மெல்லியது, அல்லது அதிக நேரம் வெந்துவிட்டது. வரைந்ததும் கரி கையில் ஒட்டும். கொழுப்பு நீக்கிய பாலும் தண்ணீரும் சம அளவு கலந்து, இரண்டடி தள்ளி நின்று பூவாளிபோல மெல்லத் தெளித்தால் பிடித்துக்கொள்ளும். கிட்டே நின்று தெளித்தால் ஓவியம் வழியும்.

சுவருக்கு வருவோம். 40 அடி நீளம், 6 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் 240 சதுர அடி. இதற்குச் சுண்ணாம்பும் காவியும் கரியுமே போதும். ஊர்க் கோயில் மதிலில் காலம் காலமாக நிற்பவை இந்த நிறங்கள்தான். ஆனால் முதலில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே டிஸ்டம்பரோ எமல்ஷனோ அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடிக்காது, சில மாதங்களில் பொருக்குப் பொருக்காக உரிந்துவிடும். அப்படியென்றால் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்ட ஆளில்லை என்றால் சுண்ணாம்பை மறந்துவிட்டு வெளிச்சுவர் எமல்ஷனிலேயே வெள்ளை, காவி, கறுப்பு மூன்றை மட்டும் வாங்குங்கள். புதிதாகப் பூசிய சிமெண்டுச் சுவரானால் 28 நாள் ஆறட்டும். உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த தூரிகையால் தேய்த்து எடுங்கள். கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போய் மறுபடி பூக்கும்.

வெற்றுச் சுவர் என்றால் 8 கிலோ கல்சுண்ணாம்பு. பெரியவர்கள் மட்டும் நீற்றுங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். தண்ணீருக்குள் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், கொதிக்கும். கிலோவுக்கு ஐந்து லிட்டர் தண்ணீர் கணக்கு. ஓரிரவு ஊறவைத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். விளாம்பிசின் 100 கிராமை அரை லிட்டர் தண்ணீரில் முதல் நாளே ஊறப்போட்டுக் கரைத்துச் சேருங்கள். பூசும் முன் சுவரை நனைக்க வேண்டும். சித்திரை வெயிலில் காய்ந்த சுவரில் அடித்தால் சுண்ணாம்பு இறுகும் முன்பே உலர்ந்து, தொட்டால் கையில் மாவாக வரும். காலை பத்துக்குள், மாலை நாலுக்குமேல் வேலை செய்யுங்கள். மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. வெள்ளை நன்றாகக் காய்ந்தபிறகே பிள்ளைகள் சுவரிடம் வரட்டும்.

காவி 2 கிலோ போதும். பிசின் தண்ணீரில் குழைத்துத் தயிர்ப் பதத்தில் வையுங்கள். கறுப்புக்கு மீந்த புளியங்கரியை அம்மியில் அரைத்துக்கொள்ளலாம். மெல்லிய கோடுகளுக்கு விளக்குக் கரி எடுங்கள். இலுப்பை எண்ணெய் விளக்கை ஏற்றி, சுடரின் நுனி படும்படி மேலே மண்சட்டியைக் கவிழ்த்து, படியும் கரியைச் சுரண்டுவது. விளக்குக் கரியைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும், கலக்கவே கலக்காது. முதலில் இரண்டு சொட்டுப் பிசின் விட்டுப் பசையாக அரைத்து, அதன்பின் தண்ணீர் சேர்க்க வேண்டும். மஞ்சள்பொடி சேர்க்கலாமே என்று யாராவது சொல்வார்கள். சேர்க்காதீர்கள். சுண்ணாம்பு பட்டதும் சிவக்கும், அந்தச் சிவப்பும் வெயிலில் சில வாரங்களில் போய்விடும். மண்ணிலிருந்து வந்த நிறமும் கரியும்தான் சுண்ணாம்போடு நிற்கும். பூ, இலை, வேர்ச் சாயங்களைத் துணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் வரைந்தவற்றை வெட்டி ஒட்டி 40 அங்குல நீளம், 6 அங்குல உயரமுள்ள ஒரே தாள்பட்டையாக்கி, ஓர் அங்குலக் கட்டம் போடுங்கள். சுவரில் ஓரடிக் கட்டம். கொத்தனார் நூலைக் காவிப்பொடியில் தோய்த்து இழுத்து அடித்தால் அரை மணியில் கட்டம் விழுந்துவிடும். ஒரு கட்டம் ஒரு பிள்ளைக்கு என்று பிரிக்காதீர்கள், கோடுகள் சேராது. ஒரு மரம் ஐந்து பேருக்கு என்று கொடுங்கள். கீழே மூன்றரை அடிவரை சிறுவர்கள், அதற்குமேல் பெரியவர்கள். விழுந்த இலுப்பைக்கும் இடம் விடுங்கள். அதை நிற்கும் மரமாக வரையாமல், வேர் மேலே தெரியக் கிடந்தபடியே வரைந்தால் ஊரே அதன் முன் நிற்கும்.

கதை சொல்வதற்குத் துணிச்சுருள் ஒன்று செய்துகொள்ளுங்கள். கலம்காரித் துணி ஓவியத்தில் கறுப்பு எடுக்கும் முறையே போதும். நாலு மீட்டர் காடாத்துணியை இரவு ஊறவைத்து அடித்துத் துவைத்துக் கஞ்சியை முழுக்கப் போக்குங்கள். மீட்டருக்கு 50 கிராம் கணக்கில், கொட்டை நீக்கிய கடுக்காய்ப் பொடியை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, அரை லிட்டர் காய்ச்சாத எருமைப்பால் சேர்த்து, துணியைக் கால் மணி நேரம் முக்கிப் பிழிந்து வெயிலில் உலர்த்துங்கள். மைக்கு, துருப்பிடித்த ஆணி கால் கிலோ, வெல்லம் 100 கிராம், தண்ணீர் ஒரு லிட்டர். மண்பானையில் போட்டுத் துணியால் மூடுங்கள், இறுக்கி அடைத்தால் வாயு சேரும். பதினைந்து இருபது நாள் புளித்ததும் வடிகட்டுங்கள். மூங்கில் குச்சி நுனியில் துணி சுற்றி நூல் கட்டினால் எழுதுகோல். கோடு முதலில் வெளிறித் தெரிந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்வதால் வரும் கறுப்பு அது. பிள்ளைகளுக்கு அதைவிட வேடிக்கை வேறில்லை. கோடு பரவினால் பால் போதவில்லை, அல்லது துணி ஈரம். மறுநாள் ஓடும் தண்ணீரில் அலசுங்கள். வாளியில் முக்கினால் மிச்ச மை எல்லா இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். மையை அளவுக்குமேல் கெட்டியாக்கினால் கோடு போட்ட இடத்தில் துணி நாளடைவில் இற்றுவிடும்.

விழா நாளில் ஒரு மரத்தடிக்கு ஒரு கதை, ஒரு கதைக்கு எட்டு நிமிடம், முப்பது பேர் அரைவட்டமாக. மைக் வேண்டாம். சொல்பவர் தண்டில் முதுகு வைத்து உட்காரட்டும். மனப்பாடமாக ஒப்பிக்கவைக்காதீர்கள். சுருளில் ஆறு படம் இருந்தால் போதும், அதைப் பார்த்துச் சொந்த வாயால் சொல்லட்டும். சொன்ன பெரியவர் முன்வரிசையில் இருக்க வேண்டும். பிள்ளை தப்பாகச் சொன்னால் அவர் இடைமறிப்பார், அதுதான் நிகழ்ச்சியின் சிறந்த இடமாக இருக்கும். அரசமரத்துக் கதையை ஐந்தரைக்குள் முடியுங்கள். அடைய வரும் மைனாக்களின் இரைச்சலில் அதன்பின் ஒரு சொல்லும் கேட்காது. இலுப்பையைக் கடைசியாக, இருட்டியபின் வையுங்கள். இலுப்பை எண்ணெய் விளக்கு ஏழெட்டு இருந்தால் போதும். சீரியல் பல்ப் மாட்டினால் பூவைத் தேடி வரும் வௌவால்கள் வராது, அந்த மரத்தின் கதையில் பாதி அவைதானே.

தேதி குறிக்கும் முன் மரங்களை அண்ணாந்து பாருங்கள். மலைத்தேனீக் கூடு இருந்தால் அந்த மரத்தடியில் பறை, வெடி, புகை எதுவும் கூடாது, வேறு மரத்துக்கு மாறுங்கள். காய்ந்த கொப்பு தொங்கினால் முன்கூட்டியே ஆள்வைத்து இறக்குங்கள். பங்குனியில் வைத்தால் இலுப்பை பூத்திருக்கும், புளி உலுக்கும் வேலையும் பெரும்பாலும் முடிந்திருக்கும். அப்படியென்றால் மையும் கரியும் மாசியிலேயே தயாராக வேண்டும். செலவில் பெரியது துணியும் சாரக்கட்டு வாடகையும்தான். பதினைந்தாயிரத்துக்குள் அடங்கும்.

விழுந்த இலுப்பை நின்ற இடத்தில் கன்று வைப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆனி ஆடியில் பழம் உதிரும்போது கொட்டையைப் பொறுக்கி அந்த வாரமே விதையுங்கள். அடுத்த ஆண்டுக்கென்று எடுத்துவைத்தால் முளைக்காது.

அன்புடன்.